கெட்டிப் பாறையில் ராடு உதறினால்: அதிர்வின் வகை பார்த்து அடக்கும் முறை

போர்வெல் போடும்போது ராடு (துளைக்குள் சுற்றும் இரும்புக் குழாய்) உதற ஆரம்பித்ததும் டிரில்லரின் கை முதலில் ஃபீடு லீவருக்குத்தான் (ராடைக் கீழே அழுத்தும் பிடி) போகும். அந்தப் பழக்கத்தில்தான் பாதிச் சேதம் நடக்கிறது. உதறல் மூன்று வகை. ஒன்றுக்கு ஃபீடு கூட்ட வேண்டும், இன்னொன்றுக்குக் குறைக்க வேண்டும், மூன்றாவதற்கு லீவரால் ஆகப்போவது எதுவும் இல்லை. வகை தெரியாமல் லீவரைத் தொட்டால் பிட்டின் (பாறையை உடைக்கும் முனை) ஷேங்க், அதாவது தண்டு, உடையும், ராடின் த்ரெட் தேய்ந்துபோகும், சில நேரம் ஹேமரே (காற்றழுத்தத்தில் பிட்டை அடிக்கும் சுத்தியல்) 500 அடியில் தங்கிவிடும்.

இங்கே சொல்வது வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, ஆம்பூர் வட்டாரத்துக் கெட்டிப் பாறையில் ஹேமர் வைத்து அடிக்கும் போர் வண்டிக்கு. கணக்குகள் எல்லாம் ஆறரை அங்குலத் துளை, 6 அங்குல ஹேமர், நாலரை அங்குல ராடு, ராடு நீளம் 20 அடி, கம்ப்ரசர் 900 முதல் 1,100 சி.எஃப்.எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடிக் காற்று), அழுத்தம் 300 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்ற அளவில் போட்டவை. உங்கள் வண்டி வேறு அளவு என்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

நல்ல அடி எப்படி இருக்கும்

ஹேமர் என்றாலே அதிர்வுதான். நல்ல நிலையில் உள்ள 6 அங்குல ஹேமர் வினாடிக்கு 20 முதல் 30 அடி கொடுக்கும். அதைத் தனித்தனி அடியாகக் காது பிரிக்காது. இடைவெளியில்லாத இறுக்கமான ஒரே சத்தமாகக் கேட்கும். மாஸ்ட்டின் (வண்டியில் நிமிர்ந்து நிற்கும் கோபுரம்) கீழ்க்காலில் உள்ளங்கையை வைத்தால் சீரான மெல்லிய நடுக்கம் தெரியும், தையல் மெஷின் மேல் கை வைத்தது போல. ரொட்டேஷன் கேஜ் (சுற்றுவதற்கு ஆகும் அழுத்தத்தைக் காட்டும் மானி) முள் ஓரிடத்தில் நின்று லேசாகத் துடிக்கும். வெளியே வரும் கல்துகளில் உளுந்து, துவரை அளவுத் துண்டுகள் கலந்திருக்கும்.

ஒவ்வொரு போரிலும் கெட்டிப் பாறை தொட்ட பிறகு, இரண்டாவது ராடு இறங்கும்போதே இந்த நான்கையும் பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் 'ஏதோ மாறுகிறது' என்று தெரிய வேண்டுமானால், எதிலிருந்து மாறுகிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

மூன்று வகை

துள்ளல்: ராடு மேலும் கீழுமாக எகிறுவது. ஹேமர் சத்தம் இறுக்கம் போய், வெற்று டின்னைத் தட்டுவது போல் கலகலக்கும். ராடைச் சுற்றும் ரொட்டேஷன் ஹெட் தன் பாதையில் குதிக்கும், செயினும் வயர் ரோப்பும் ஆடும்.

முறுக்கு உதறல்: பிட் அடியில் பிடித்துக்கொள்ள, மேலே ஹெட் சுற்றிக்கொண்டே இருக்கும். ராடு வரிசை ஈரத் துணியைப் பிழிவது போல் முறுகி, பிடி விட்டதும் விடுக்கென்று சுழலும். ரொட்டேஷன் கேஜ் முள் மேலேறி விழும், ஏறி விழும். வண்டி முழுதும் ஒரு பக்கமாகத் தலையாட்டும்.

பக்க ஆட்டம்: ராடு துளைக்குள் சாட்டை போல் வளைந்து சுவரில் அறைவது. மேஜைப் புஷ்ஷில் (வண்டியின் மேஜையில் ராடு நுழையும் வளையம்) 'டக் டக்' என்று கேட்கும். பிவிசி கேசிங் (துளைச் சுவர் சரியாமல் காக்கும் குழாய்) இறக்கியிருந்தால் கேசிங் வாயே ஆடுவது கண்ணுக்குத் தெரியும்.

நாலரை அங்குல ராடு ஆறரை அங்குலத் துளையில் சுற்றும்போது சுற்றிலும் ஓர் அங்குல இடைவெளிதான். அதே துளையில் மூன்றரை அங்குல ராடு போட்டால் ஒன்றரை அங்குலம் ஆகிவிடும். இடம் கூடுகிறது, ராடும் மெலிசு. ஆட்டம் பல மடங்காகும். ராடு எடை குறைவு, டீசல் மிச்சம் என்று மெல்லிய ராடு போடுகிறவர்கள், அந்த மிச்சத்தைத் த்ரெட்டிலும் கேசிங்கிலும் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

முதல் சோதனை: ஓர் அடி தூக்குங்கள்

எந்த உதறலாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ரொட்டேஷனை நிறுத்தாமல், ஏரை அடைக்காமல், ராடு வரிசையை ஓர் அடி மேலே தூக்குங்கள். பிட் தரையை விட்டதும் சக்கில் (ஹேமரின் கீழ் வாய்) தொங்கும். ஹேமர் அடிப்பதை நிறுத்தி வெறும் காற்றை மட்டும் ஊதும்.

இப்போதும் உதறினால், குற்றம் பிட்டிலும் இல்லை, பாறையிலும் இல்லை. வளைந்த ராடு, தேய்ந்த புஷ், சாய்ந்த மாஸ்ட், கோணலாய்ப் போன துளை, இவற்றில் ஒன்று. உதறல் நின்றுவிட்டால், கோளாறு பிட்டும் பாறையும் தொடும் இடத்தில். ஃபீடு, சுற்று, பட்டன் (பிட் முகத்தில் பதித்த கடினக் குமிழ்), கல்துகள், இவற்றில் தேடுங்கள். அரை நிமிடம் கூட ஆகாத வேலை. இதைச் செய்யாமல் ஹேமரைக் கழற்றிப் பார்த்தால் அரை நாள் போகும்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு சாக்பீஸும் மொபைலும் போதும். ரொட்டேஷனை நிறுத்தி, மேஜைக்கு மேலே ராடில் ஓர் அடி நீளத்துக்கு நேர்க்கோடு போடுங்கள். ஆள் விலகிய பிறகு ஓட்டச் சொல்லி, 10 அடி தள்ளி நின்று ஸ்லோ மோஷனில் ஒரு நிமிடம் எடுங்கள். நிமிடத்துக்கு 30 சுற்றில் ஓடினால் கோடு 2 வினாடிக்கு ஒரு முறை முன்னால் வரும். வீடியோவில் கோடு ஒரே வேகத்தில் வராமல், தயங்கியும் விடுக்கென்று விரைந்தும் மாறி மாறி வந்தால் முறுக்கு உதறல். கோடு ஒழுங்காக வந்து, ராடின் விளிம்பு மட்டும் புஷ்ஷின் ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விலகினால் பக்க ஆட்டம். தோளில் துண்டோ தொங்கும் சட்டையோ போட்டுக்கொண்டு சுற்றும் ராடுக்கு அருகே போகவே கூடாது. லுங்கி கட்டிய ஹெல்பரை மேஜைப் பக்கம் நிறுத்தவே வேண்டாம்.

துள்ளலை அடக்க

துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் ஃபீடு போதாமைதான். பிட்டைப் பாறையோடு ஒட்டிப் பிடிக்கும் எடை இல்லையென்றால் பிஸ்டன் அடித்த அடி பாறைக்குப் போகாமல் ராடு வழியே மேலே திரும்பும். அந்த அடியைத் த்ரெட்டுகள்தான் வாங்கும். இப்படி ஓடிய ராடைக் கழற்றும்போது ஜாயின்ட் சுடும், நிறம் நீலம் பாரித்திருக்கும். பிட்டைத் தாங்கும் பிட் ரிங் உடைவதும் இதனால்தான்.

எவ்வளவு எடை வேண்டும்? ஹேமருக்கு, பிட்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு 500 பவுண்டு என்பது நடைமுறை உச்ச அளவு. ஆறரை அங்குலத்துக்கு 3,250 பவுண்டு, ஏறக்குறைய ஒன்றரை டன். இதில் ராடின் எடையும் சேர்த்தி என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ராடு ஒன்று 100 கிலோ, ஹேமரும் பிட்டும் 100 கிலோ, ஹெட் அரை டன் என்று வைத்துக்கொண்டால் ஒன்பதாவது ராடிலேயே, அதாவது 180 அடியிலேயே ஒன்றரை டன் தானாக வந்துவிடுகிறது. அதற்கு மேல் லீவரால் அழுத்தவே கூடாது; தூக்கிப் பிடிக்க வேண்டும். 800 அடியில் 40 ராடு தொங்கும்போது மொத்தம் 4,600 கிலோ. அதில் மூன்று டன்னுக்கு மேல் ஹோல்டு பேக்கில் (இப்படித் தூக்கிப் பிடிக்கும் விசை) நிற்க வேண்டும்.

ஆகவே ஆழம் குறைவாக இருக்கும்போது துள்ளினால் ஃபீடைக் கூட்டுங்கள், சத்தம் இறுகும் வரை, கொஞ்சம் கொஞ்சமாக. 200 அடிக்குக் கீழே துள்ளினால் ஃபீடு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. வேறு இடம் பாருங்கள்: கேப் விழுந்த (வெடிப்பு உள்ள) பாறையில் பிட் போகிறதா, பட்டன் ஒன்று பிடுங்கி அடியில் கிடக்கிறதா, துளைக்குள் தண்ணீர் நின்று ஹேமரை அமுக்குகிறதா.

தண்ணீர்க் கணக்கு எளிது. 100 அடி நீர் நின்றால் ஏறக்குறைய 43 பி.எஸ்.ஐ எதிர் அழுத்தம். 200 அடி நின்றால் 87. கம்ப்ரசர் 300 கொடுத்தாலும் ஹேமருக்கு மிஞ்சுவது 213தான். அடி மந்தமாகும். ராடு மாட்டி மறுபடி ஏர் திறக்கும்போது நேரே அடியில் வைத்து அடிக்காமல், சில அடி மேலே தூக்கி நீரை ஊதித் தள்ளிவிட்டுப் பிறகு இறக்குங்கள்.

பட்டன் பிடுங்கிக் கிடந்தால் அதன் சத்தம் தனி. இரும்பில் இரும்பு மோதும் கூர்மையான சத்தம் சுற்றுக்கொரு முறை வரும், இறக்கம் நின்றுவிடும். விடாமல் அடித்தால் மீதிப் பட்டன்களும் நொறுங்கும். ராடைத் தூக்கி, காந்தம் இறக்கி எடுப்பதுதான் வழி.

முறுக்கு உதறலை அடக்க

நம் ஊரில் அதிகம் சேதம் செய்வது இதுதான். காரணங்கள் நான்கு: ஃபீடு அதிகம், சுற்று பொருந்தாதது, கல்துகள் வெளியேறாதது, தேய்ந்த பிட்.

கண்டதும் செய்ய வேண்டிய வரிசை: ஃபீடை விட்டு அரை அடி தூக்குங்கள். ரொட்டேஷன் ஓடட்டும், ஏர் ஓடட்டும். முறுக்கு அவிழ்ந்து கேஜ் முள் பழைய இடத்துக்கு வரும் வரை காத்திருங்கள். பிறகு முன்பு வைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு வைத்து இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு லீவர் மட்டும். மாற்றிவிட்டு ஒரு நிமிடமாவது பாருங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. எதிர்ச்சுற்று கொடுத்து அவிழ்க்கப் பார்க்காதீர்கள். த்ரெட் கழன்று, கீழே உள்ளதெல்லாம் துளையில் போய்விடும்.

சுற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. பிட் ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர் இறங்குவது நல்ல அளவு. 20 அடி ராடு என்றால் 6,100 மில்லிமீட்டர், சுமார் 600 சுற்று. ஆக ஒரு ராடு இறங்க ஆகும் நிமிடத்தால் 600-ஐ வகுத்தால் வேண்டிய சுற்று வந்துவிடும். 15 நிமிடத்தில் இறங்கினால் 40 சுற்று. 20 நிமிடம் என்றால் 30. 30 நிமிடம் ஆகும் கருங்கல்லில் 20 சுற்றே போதும். கெட்டிக் கல்லில் வேகம் வரவில்லையே என்று சுற்றைக் கூட்டுவது பட்டனைத் தீட்டுக்கல்லில் தேய்ப்பது போலத்தான்.

சரியாக ஓடியதா என்பதைப் பிட்டே சொல்லும். வெளிவட்டப் பட்டனில் தேய்ந்த தட்டை எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். சுற்றும் திசையில் முன்பக்கம் என்றால் சுற்று அதிகம். பின்பக்கம் என்றால் குறைவு. அந்தத் தட்டை, பட்டன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டால் பிட்டைத் தீட்டாமல் அடுத்த ராடு மாட்டாதீர்கள். மொட்டைப் பட்டன் பாறையை உடைக்காது; உரசிப் பிடிக்கும், அதுவே முறுக்கு உதறல்.

பாதிப் போரில் பிட் மாற்றும்போது வெர்னியர் வைத்து இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். தேய்ந்த பிட் போட்ட துளை கீழே போகப் போகக் குறுகியிருக்கும். அதில் அகலமான புதுப் பிட்டை இறக்கினால் ஆப்பு அடித்தது போல் மாட்டும்.

கல்துகள் விஷயத்தில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நல்ல வறட்சியில் தூசு பறக்கும், நல்ல தண்ணீரில் சேறாய் வரும். இரண்டும் பிரச்சினை இல்லை. இரண்டுக்கும் நடுவே, சுவர் லேசாகக் கசியும் இடத்தில், தூசு சப்பாத்தி மாவு போல் பிசைந்து ராடைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொள்ளும். அடையாளம்: வாயில் தூசு திடீரென்று குறையும், ஏர் கேஜ் ஏறும், ரொட்டேஷன் கேஜும் கூடவே ஏறும். தூசு நின்றதும் 'தண்ணி வரப்போகுது' என்று விவசாயி மகிழ்வார்; டிரில்லர் உடனே தூக்க வேண்டும். ஏர் லைனில் தண்ணீர் கொடுங்கள், இருந்தால் ஃபோமும் (நுரை மருந்து) சேருங்கள். வளையம் கரைந்து சேறாய் வெளியே வந்த பிறகே இறக்குங்கள்.

பக்க ஆட்டத்தை அடக்க

இதற்கு லீவர் மருந்து இல்லை என்று சொன்னோம். சுற்றைக் குறைத்தால் தற்காலிகமாக அடங்கும், அவ்வளவே. சரிசெய்ய வேண்டியது வண்டியும் ராடும்.

ஜாக்கியில் தொடங்குங்கள். பாலாற்று ஓரம், வாலாஜா, ஆற்காடு பக்கத்து மணலில் ஜாக்கி மெல்ல மெல்லப் புதையும். காலையில் நேராக நின்ற மாஸ்ட், பத்து ராடு இறங்கியதும் சாய்ந்திருக்கும். ஜாக்கித் தட்டுக்குக் கீழே இரண்டடிக்கு இரண்டடி மரக்கட்டை போடுங்கள். ஐந்து ராடுக்கு ஒரு முறை ரசமட்டத்தை மாஸ்ட்டின் இரு முகத்திலும் வைத்துப் பாருங்கள்.

அடுத்து மேஜைப் புஷ். ராடுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே சுண்டு விரல் நுழைந்தால் புஷ் மாற்ற வேண்டியதுதான். பிறகு ராடு: சந்தேகமான ராடை இரண்டு கட்டைகள் மேல் வைத்து உருட்டி, நடுவில் ஓர் ஆணியை அசையாமல் பிடித்து, இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். கண்ணுக்கே வளைவு தெரிந்தால் அதைக் கேசிங்குக்குள் சுற்ற விடக் கூடாது. ஏழு அங்குலப் பிவிசி கேசிங்கை உள்ளிருந்து ராடு அறைந்துகொண்டே இருந்தால் ஜாயின்ட்டில் விரிசல் விழும். போர் முடிந்து மோட்டார் இறக்கி ஆறு மாதம் கழித்து அந்த விரிசல் வழியாக மண் இறங்கும்போது, யார் தப்பு என்று யாருக்கும் தெரியாது.

துளையே கோணலாய்ப் போய்விட்டால் ஆட்டம் நிற்காது. கோணல் பிறக்கும் இடம், நைந்த பாறை முடிந்து கெட்டிப் பாறை தொடங்கும் முகம். அந்த முகம் சரிவாக இருந்தால் பிட் வழுக்கி ஓரம் போகும். ஆகவே கெட்டிப் பாறை தொட்டதும் முதல் மூன்றடியைப் பாதி ஏர், பாதி ஃபீடில் அடியுங்கள். பிட் தனக்கொரு குழி அமைத்துக்கொண்ட பிறகே முழு ஏர்.

இந்த வட்டாரத்துக் கல்

சார்னோகைட் பாறை பச்சை கலந்த நீலச் சாம்பலில், எண்ணெய் பூசியது போல் மினுங்கும். ஒரே சீரான கெட்டி; இதில் உதறல் வந்தால் பழி பாறை மேல் இல்லை, செட்டிங்கில்தான். நைஸ் பாறை வெள்ளையும் கறுப்புமாக வரி வரியாக வரும், துகளில் அபிரகம் மின்னும். வரி சாய்ந்திருந்தால் பிட்டை ஒரு பக்கம் இழுக்கும். டோலரைட் என்ற கருங்கல் சுவர் குறுக்கே வந்தால் துகள் திடீரென்று கறுத்து மாவு போல் நைசாகும், இறக்கம் படுத்துவிடும். அங்கே சுற்றைக் குறையுங்கள், மேற்சொன்ன 600 கணக்குப்படி.

ஜவ்வாது மலை அடிவாரத்து உருண்டைக்கல் மண் வேறு கதை. கல் உருளும், பிட் ஒரு ஓரத்தில் மட்டும் தட்டும், மூன்று உதறலும் சேர்ந்து வரும். அதற்குள் வேகம் பார்க்காதீர்கள். குறைந்த ஏரில் மெல்லக் கடந்து, கேசிங்கைக் கெட்டிப் பாறைக்குள் உட்கார வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

கேப் விழும்போது பிட் அரை அடி, ஓர் அடி சட்டென்று இறங்கி ராடை வெடுக்கென்று இழுக்கும். தண்ணீர் வரும் இடமும் அதுவே என்பதால் எல்லோருக்கும் ஆவல். ஹோல்டு பேக்கைக் கூட்டி, ஏரைப் பாதியாக்கி, சுற்றை விடாமல், இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஓட்டித் துளையைச் சுத்தம் செய்யுங்கள். சுற்றை நிறுத்தினால் உடைந்த கல் ஹேமர் தலையில் உட்கார்ந்துவிடும்.

எண்ணெய்க் கிணற்றுக்குப் போகிறவர்களுக்கு

வேலூர்ப் பாறையில் எண்ணெய் இல்லை. ஆனால் நம் பையன்கள் காவிரிப் படுகைக்கும் வளைகுடாவுக்கும் ரிக் வேலைக்குப் போகிறார்கள். அங்கும் இதே மூன்று உதறல்தான், மருந்துதான் வேறு. ஹேமர் கிடையாது; பிட் சுற்றி அரைக்கும், காற்றுக்குப் பதில் சேறு ஓடும்.

முறுக்கு உதறல் வந்தால் எடையைக் குறைத்துச் சுற்றைக் கூட்ட வேண்டும். பக்கச் சுழல் வந்தால் சுற்றைக் குறைத்து எடையைக் கூட்ட வேண்டும். நேர் எதிர். குழப்பினால் ஒன்றை விட்டு மற்றதில் விழுவீர்கள். அடங்கவில்லையென்றால் அடியிலிருந்து தூக்கி, சுற்றை நிறுத்தி, முறுக்கு இறங்கவிட்டு, புதிதாகத் தொடங்க வேண்டும். மூன்று கூம்புப் பிட் துள்ளினால் ஒரு சுற்றுக்கு மூன்று துள்ளல் என்ற கணக்கில் வரும்.

நீளத்தால் வரும் வித்தியாசமும் தெரிந்திருக்க வேண்டும். முறுக்கு அலை இரும்புக் குழாயில் வினாடிக்குச் சுமார் 3,200 மீட்டர் ஓடும். ஓர் ஆட்டத்துக்கு அது குழாய் நீளத்தைப் போல் நான்கு மடங்கு ஓட வேண்டும். 3,000 மீட்டர்க் கிணற்றில் அதற்கு நாலு வினாடிக்கு அருகே ஆகும். டார்க் (முறுக்கு விசை) கேஜில் நிதானமாக ஏறி இறங்குவதைக் கண்ணால் எண்ணலாம். நம் 200 மீட்டர் போரில் கால் வினாடிதான். அதனால்தான் இங்கே முள் ஏறி இறங்குவதைவிட நடுங்குவதாகவே பல நேரம் தெரிகிறது. பக்கச் சுழல் ஆழத்திலிருந்து மேலே தெரியவே தெரியாமல் போகலாம். அதற்குத்தான் அங்கே பிட்டுக்குச் சற்று மேலே உணர்கருவி வைத்து அளக்கிறார்கள். பம்ப் ஓட்டம் மாறாமல் அழுத்தம் மட்டும் மெல்லக் குறைந்தால், உதறலில் குழாய் எங்கோ விரிசல் விட்டுச் சேறு ஒழுகுகிறது என்று சந்தேகித்து, குழாய் அறுவதற்குள் தூக்க வேண்டும்.

போர் முடிந்து ராடு கழற்றும்போது

கழற்றும் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் துடைத்துப் பாருங்கள். த்ரெட் முனை கத்தி போல் கூர்ந்திருந்தால் தேய்ந்துவிட்டது. தோள்பட்டை ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் ராடு வளைந்தது. த்ரெட்டின் வேர்ப்பகுதியில் தலைமுடி போன்ற கோடு தெரிந்தால் அந்த ராடை அன்றைக்கே தனியே வையுங்கள். பழைய இன்ஜின் ஆயிலைத் தடவி மாட்டாதீர்கள். செம்பு அல்லது துத்தநாகம் கலந்த த்ரெட் கிரீஸே போட வேண்டும். ஹேமருக்கு ஏர் லைன் ஆயில் 900 சி.எஃப்.எம் ஓடும்போது மணிக்கு ஒன்றரை லிட்டராவது போக வேண்டும். போகிறதா என்று அறிய, ஹேமர் அடியில் ஓர் அட்டையைப் பிடித்து ஏர் ஊதிப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் அட்டையில் படிய வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டும் வண்டியில் இருக்கட்டும். ராடு எண், இறங்கிய நிமிடம், ஏர், ரொட்டேஷன் அழுத்தம், துகள் நிறம், உதறல் வகை, என்ன மாற்றினோம், இவ்வளவுதான். 'ராடு 14, 26 நிமிடம், ஏர் 290, கறுப்பு நைசு, முறுக்கு, சுற்று 30-லிருந்து 23' என்று ஹெல்பர் எழுதி வைத்தால், அடுத்த மாதம் அதே ஊரில் பக்கத்துக் காட்டில் போர் போடப் போகும்போது 280 அடியில் கருங்கல் சுவர் காத்திருக்கலாம் என்பது முன்னமே தெரியும். தீட்டிய பிட்டை அதற்கு முன்பே மாட்டிக்கொள்ளலாம்.